இமிப்ரமின் 25 மி.கி.: அடங்காத தீனிக்கு ஒரு பழைய மாத்திரை, ஐந்துக்கு மூன்று

மதிப்பெண்ணை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஐந்துக்கு மூன்று. கட்டுக்கடங்காமல் தின்கிற நோய்க்கு மருந்து என்று பார்த்தால்தான் இந்த மூன்று. உடம்பு இளைக்க மாத்திரை தேடி வந்தவர்களுக்கு அரை நட்சத்திரம்கூடத் தரமாட்டேன். அவர்கள் இங்கேயே திரும்பிவிடலாம்.

மிக்சிக்கும் மெத்தைக்கும் செல்போனுக்கும் பக்கம் பக்கமாக மதிப்புரை எழுதுகிறோம். மாசக்கணக்கில் வயிற்றுக்குள் போகிற மாத்திரைக்கு யாரும் எழுதுவதில்லை. அதிலும் மனநல மாத்திரை என்றால் கடைக்காரரே கறுப்புக் கவரில் போட்டு மடித்துத் தருகிறார். நான் நாமக்கல்லில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் கணக்கு எழுதுகிறவன், மருத்துவம் படித்தவன் இல்லை. ஆனால் எந்தக் கணக்கைக் கொடுத்தாலும் கடைசி வரி வரை கூட்டிப் பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டேன். இந்த மாத்திரையையும் அப்படித்தான் பார்த்தேன். பி.ஃபார்ம் படிக்கும் என் மகள் ஆய்வுக் கட்டுரைகளை இறக்கித் தந்தாள். புரியாத இடத்தில் பக்கத்தில் உட்கார்ந்து, “அப்பா, இது அப்படியில்லை, இப்படிப் படிக்கணும்” என்று சொல்லியும் கொடுத்தாள்.

என்ன நோய்க்கு வாங்கினேன் என்று தெரியாமல் மதிப்புரை படித்துப் பிரயோசனமில்லை. மாசக்கடைசியில் ஜிஎஸ்டி கணக்கை முடித்துவிட்டு ராத்திரி கிளம்புவேன். பைபாஸ் ஓரக் கடையில் இரண்டு கொத்து பரோட்டா, நாலு கலக்கி. அங்கிருந்து நேராகத் தட்டுவடை செட் விற்கும் வண்டி. அப்புறம் பேக்கரியில் ஒரு பெட்டி தேங்காய் பன் வாங்கிப் பைக்கை ஓரங்கட்டி நின்றபடியே தின்று முடிப்பேன். வீட்டுக்குப் போய், ஒன்றுமே நடக்காத மாதிரி உட்கார்ந்து இரவுச் சாப்பாடும் சாப்பிடுவேன். பசி கிடையாது. ருசியும் இரண்டாவது வாயோடு போய்விடும். நிறுத்த வேண்டும் என்று தெரியும், கை நிற்காது. முடிந்தபின் என் மேலேயே ஒரு அருவருப்பு வரும். வாந்தி எடுக்கிற பழக்கமெல்லாம் எனக்கில்லை. “வாயைக் கட்டுங்க, அதுக்குப் போய் வைத்தியமா” என்றுதான் வீட்டில் நெடுநாள் பேச்சு. வாயைக் கட்ட முடிந்தவன் எதற்கு டாக்டரிடம் போகிறான்?

மருத்துவர்கள் இதை ‘பிஞ்ச் ஈட்டிங் டிஸார்டர்’ என்கிறார்கள். ஆல்பர்ட் ஸ்டங்கார்ட் என்ற அமெரிக்க மனநல மருத்துவர் 1959லேயே, உடல் பருத்தவர்களில் சிலர் இப்படி அலையலையாகத் தின்கிறார்கள் என்று எழுதி வைத்தார். அதற்கு அப்புறம் ரொம்ப காலம் யாரும் அதைத் தனி நோயாக எண்ணவில்லை. 1979இல் லண்டனில் ஜெரால்டு ரஸ்ஸல், தின்றுவிட்டு வாந்தி எடுப்பவர்களைப் பற்றி எழுதி ‘புலிமியா நெர்வோசா’ என்று பெயர் வைத்தார். எல்லோருடைய கவனமும் அந்தப் பக்கம் போய்விட்டது. வாந்தி எடுக்காத எங்கள் கூட்டத்துக்கு 1994இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில் பின்னிணைப்பில்தான் ஓர் இடம் கிடைத்தது. 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் முழு நோயாக ஏற்றுக்கொண்டார்கள். சராசரியாக வாரம் ஒருமுறையாவது, மூன்று மாதம் தொடர்ந்து, கட்டுப்பாடு இழந்து தின்று, அதனால் மனம் நொந்து போகிறவர்களுக்கு இந்தப் பெயர். கல்யாண வீட்டில் இரண்டாவது முறை பாயசம் கேட்பவர்கள் இதில் சேர்த்தியில்லை.

சரி, பொருளுக்கு வருவோம். இமிப்ரமின் என்பது ட்ரைசைக்ளிக் வகை மனச்சோர்வு மருந்து. மூலக்கூறில் மூன்று வளையங்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். அமிட்ரிப்டிலின், டெசிப்ரமின், க்ளோமிப்ரமின் எல்லாம் இதே குடும்பம். மாத்திரை சின்னது, விழுங்க எளிது, தண்ணீர் அதிகம் வேண்டாம். விலை அற்பம். எனக்குத் தெரிந்து மருந்துக்கடை பில்லில் என்னைப் பயமுறுத்தாத வரி இது ஒன்றுதான்.

சேலத்தில் நான் பார்க்கும் மனநல மருத்துவர் இதை முதலில் எழுதவில்லை. வழக்கம்போல ஃப்ளூவாக்ஸெட்டின் என்ற வேறு வகை மனச்சோர்வு மருந்தில்தான் ஆரம்பித்தார். எனக்கு அது ஒத்துக்கொள்ளவில்லை. தூக்கம் போயிற்று, கால் ஓரிடத்தில் நிற்காமல் பரபரத்தது. அதை நிறுத்திய கையோடு இதைத் தருவார் என்று நினைத்தேன். சில வாரம் சும்மா இருங்கள் என்றார். காரணத்தை மகள் சொன்னாள்: ஃப்ளூவாக்ஸெட்டின் உடம்பைவிட்டுப் போக வாரக்கணக்கில் ஆகும், அது இருக்கும்வரை, இமிப்ரமினைக் கழிக்கிற கல்லீரல் நொதியைத் தடுத்துக்கொண்டே இருக்கும். அவசரப்பட்டு ஒன்றன்மேல் ஒன்று போட்டால் சாதாரண அளவு மாத்திரையே இரத்தத்தில் விஷ அளவுக்கு ஏறிவிடலாம். இதைச் சரியாகச் செய்த டாக்டருக்கு என் மதிப்பில் முழு மதிப்பெண்.

எழுதித் தருவதற்கு முன் அவர் கேட்ட கேள்விகளையும் சொல்ல வேண்டும். நெஞ்சுவலி வந்திருக்கிறதா, குடும்பத்தில் யாருக்காவது இருதய நோய் உண்டா, கண்ணில் அழுத்த நோய் இருக்கிறதா, சிறுநீர் தடையில்லாமல் போகிறதா, வலிப்பு வந்திருக்கிறதா, குடிப்பீர்களா, தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்ததா. ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்தபிறகுதான் பேனாவையே திறந்தார். உங்கள் டாக்டர் இதில் எதையும் கேட்காமல் இரண்டு நிமிடத்தில் ட்ரைசைக்ளிக் எழுதிக் கொடுத்தால், சீட்டோடு இன்னொருவரிடம் போங்கள்.

முதல் இரண்டு வாரத்தில் மருந்தின் பக்கவிளைவுகள் மட்டும் வந்தன, பலனைக் காணோம். வாய் வறண்டு நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. ஆபீசில் போன் பேசும்போது ‘லோடு’ என்ற சொல்லே பாதியில் நின்றது. மலச்சிக்கல் கடுமை, வாழைத்தண்டும் கொய்யாவும் தண்ணீரும் தினசரிப் பட்டியலில் ஏறின. நாமக்கல் வெயிலுக்கே வியர்க்கிறவனுக்கு இன்னும் வியர்த்தது. நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தால் தலை சுற்றும், மேஜையைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடி நிற்க வேண்டும். இரத்த அழுத்தம் எழும்போது இறங்குவதால் வருவதாம். ராத்திரி போட்ட மாத்திரையின் மந்தம் காலை டீ வரை இருந்தது. இவற்றில் பாதி பின்னால் குறைந்துவிட்டது. வாய் வறட்சி மட்டும் குடியிருக்கிறது. சர்க்கரையில்லாத மிட்டாய் ஒன்று எப்போதும் சட்டைப்பையில். பல் டாக்டர் ஒருவர், எச்சில் குறைந்தால் சொத்தை சீக்கிரம் வரும், இரவில் கட்டாயம் பல் தேயுங்கள் என்றார். இந்தத் தகவல் மாத்திரை அட்டையில் இருக்காது.

பலன் மெதுவாகத்தான் தெரிந்தது, தெரிந்த விதமும் விசித்திரம். பைபாஸ் கடையைத் தாண்டும்போது தோசைக்கல்லில் கரண்டிகள் தட்டும் சத்தம் கேட்டது. கேட்டது, அவ்வளவுதான். முன்பெல்லாம் அந்தச் சத்தம் கேட்டால் பைக் தானாக ஓரத்துக்குப் போகும். இப்போது நிற்கலாமா வேண்டாமா என்று யோசிக்கும் அளவுக்கு ஒரு இடைவெளி வந்திருந்தது. சில நாள் நின்றேன், பல நாள் நிற்கவில்லை. நின்ற நாளிலும் ஒரு பரோட்டாவோடு பணம் கொடுத்துவிட்டு வர முடிந்தது. எடை? கிட்டத்தட்ட அதேதான். பெல்ட்டில் ஓட்டை மாறவில்லை.

ஆனால் இதே காலத்தில் வேறொன்றும் நடந்தது. டாக்டர் என்னை ஓர் உளவியலாளரிடமும் அனுப்பியிருந்தார். அந்தப் பெண் எனக்கொரு நோட்டுப் போடச் சொன்னார்: என்ன தின்றேன், எப்போது, எங்கே, அதற்கு முன் மனசு எப்படி இருந்தது. மூன்று வேளையும் தவறாமல் சாப்பிட வேண்டும், நடுவில் சிற்றுண்டியும் உண்டு. ‘மத்தியானம் வேலை மும்முரம், டீயோடு ஓட்டிவிட்டேன்’ என்பது கூடவே கூடாது. கணக்கு எழுதுவது எனக்குச் சொல்லித்தர வேண்டிய வேலையா என்ன. சில வாரத்திலேயே நோட்டைப் பார்த்து நானே கண்டுகொண்டேன், பகலில் வயிறு காய்ந்த நாட்களில்தான் ராத்திரிப் படையெடுப்பு.

அப்படியானால் வரவு எந்தத் தலைப்பில் எழுதுவது? மாத்திரையா, நோட்டா, இல்லை, ஏதோ வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கையா? இதற்காகத்தான் ஆய்வுகளைப் படிக்க உட்கார்ந்தேன்.

மாத்திரையின் பிறப்பிடம் ஸ்விட்சர்லாந்து. பாசெல் நகரத்து கெய்கி நிறுவனம் ஜி 22355 என்ற எண்ணில் ஒரு வேதிப்பொருளைச் செய்தது. கான்ஸ்டன்ஸ் ஏரிக்கரையில் மூன்ஸ்டர்லிங்கன் மனநல மருத்துவமனையில் ரோலண்டு கூன் அதைச் சோதித்தார். மனச்சிதைவுக்கு உதவும் என்று எதிர்பார்த்தார்கள், உதவவில்லை. 1956இல் கடும் மனச்சோர்வில் இருந்தவர்களுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எழுந்து உட்கார்ந்தார்கள். 1957இல் சூரிச்சில் நடந்த உலக மாநாட்டில் அவர் இதைச் சொன்னபோது அறையில் விரல்விட்டு எண்ணும் கூட்டம்தானாம். டோஃப்ரானில் என்ற பெயரில் கடைக்கு வந்து, மனச்சோர்வு மருந்துகளின் முதல் தலைமுறை ஆயிற்று. இந்தப் பெருமைக்கு ஒரு கறையும் உண்டு. அந்த மருத்துவமனையில் பல பத்தாண்டுகள் நடந்த மருந்துச் சோதனைகளை வரலாற்றாய்வாளர்கள் தோண்டி 2019இல் வெளியிட்டார்கள். ஏராளமான நோயாளிகளுக்கு, அவர்களிடம் முறையாகக் கேட்காமலே, அங்கீகாரம் பெறாத மருந்துகளைக் கொடுத்திருக்கிறார்கள். நம் கையில் இருக்கும் அட்டைக்குப் பின்னால் அவர்களும் இருக்கிறார்கள்.

தீனி நோய்க்கு இது வந்தது 1983இல். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் மக்லீன் மருத்துவமனையில் ஹாரிசன் போப், ஜேம்ஸ் ஹட்சன் குழுவினர், புலிமியா என்பது மனச்சோர்வுக்கு உறவுக்கார நோயாக இருக்கலாம் என்று சந்தேகப்பட்டார்கள். 22 பெண்களைச் சேர்த்தார்கள். ஒரு பகுதிக்கு இமிப்ரமின், மறு பகுதிக்குப் பார்க்க அதேபோல் இருக்கும், உள்ளே மருந்தில்லாத பிளசிபோ. யாருக்கு எது என்பது கொடுப்பவருக்கும் தெரியாது, விழுங்குபவருக்கும் தெரியாது. ஆறு வாரத்தில் மருந்துப் பக்கம் தீனி சுமார் 70 விழுக்காடு குறைந்தது, மறுபக்கம் அசையவில்லை. படிக்கப் பரவசமாகத்தான் இருக்கிறது. ஆனால் நோய் புலிமியா, ஆட்கள் 22, காலம் ஆறு வாரம், எல்லோரும் பெண்கள். என்னைப் போன்ற தொப்பைக்கார ஆம்பளை ஒருவன்கூடப் பட்டியலில் இல்லை.

அடுத்த வருஷமே ஜேம்ஸ் மிட்செல் என்பவர் அமிட்ரிப்டிலினை வைத்து அதே புலிமியாவுக்குச் சோதித்தார். இரண்டு பக்கமும் முன்னேற்றம், ஆனால் தீனி விஷயத்தில் மருந்தால் பிளசிபோவை முந்த முடியவில்லை. காரணத்தைப் பார்த்தால், இரண்டு பக்கத்துக்கும் உணவுப் பழக்கம் பற்றிய ஆலோசனையும் கொடுத்திருக்கிறார்கள். என் நோட்டு ஞாபகத்துக்கு வந்தது.

எங்கள் கூட்டத்துக்கு, அதாவது வாந்தி எடுக்காதவர்களுக்கு, நெருக்கமான ஆய்வு 1990இல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் நடந்தது. மக்கான், அக்ராஸ் இருவரும் 23 பெண்களை எடுத்து 12 வாரம் டெசிப்ரமின் கொடுத்தார்கள். இமிப்ரமினைக் கல்லீரல் மாற்றினால் கிடைப்பதே டெசிப்ரமின், ஆகவே இது என் மாத்திரைக்குப் பிள்ளை முறை. மருந்தெடுத்தவர்களுக்குத் தீனி 63 விழுக்காடு குறைந்தது. பிளசிபோ பக்கம் 16 விழுக்காடு கூடியது. முழுக்க நிறுத்தியவர்கள் மருந்துப் பக்கம் 60 விழுக்காடு, மறுபக்கம் 15. நான் மகளிடம், “கண்ணு, கணக்கு முடிஞ்சுது, நாலு நட்சத்திரம்” என்றேன். அவள் கடைசிப் பத்தியைப் படிக்கச் சொன்னாள். மருந்தை நிறுத்தியதும் தீனி திரும்பிவிட்டது. எடையும் குறையவில்லை.

அதற்கு அடுத்த வருஷம் வந்த இன்னோர் ஆய்வு என்னை நன்றாகக் குழப்பியது. ஆல்ஜர் என்பவரின் குழு இமிப்ரமினையும், போதை மருந்து அடிமைத்தனத்துக்குத் தரும் நால்ட்ரெக்சோனையும், பிளசிபோவையும் எட்டு வாரம் ஒப்பிட்டது. உடல் பருத்த தீனிக்காரர்களில் பிளசிபோ எடுத்தவர்களுக்கே தீனி வெகுவாகக் குறைந்துவிட்டது. எத்தனை முறை தின்றார்கள் என்ற எண்ணிக்கையில் மருந்துகளால் அதை முந்த முடியவில்லை. ஒவ்வொரு முறையும் எவ்வளவு நேரம் தின்றார்கள் என்பதில்தான் இமிப்ரமின் கொஞ்சம் தேறியது. இந்த நோயில் பிளசிபோவின் பலம் பெரிது என்பதைப் பிற்காலத்து ஆய்வுகளும் திரும்பத் திரும்பக் காட்டியிருக்கின்றன. ஒருவர் வந்து கேட்கிறார், எழுதிக்கொள்கிறார், அடுத்த வாரமும் வரச் சொல்கிறார். அதுவே பாதித் தீனியை அடக்கிவிடுகிறது போலும். இதைத் தெரிந்துகொண்ட பிறகு, மாத்திரை மதிப்புரையில் ‘எனக்குப் பலித்தது’ என்று யார் எழுதினாலும், நான் உட்பட, கொஞ்சம் சந்தேகத்தோடுதான் படிக்க வேண்டும்.

எனக்குப் பிடித்தது 1999இல் ஸ்விட்சர்லாந்தின் பேர்ன் நகரிலிருந்து வந்தது. மாத்திரை கடைசியில் பிறந்த நாட்டுக்கே திரும்பிவிட்டது. லேடராக்-ஹோஃப்மன் குழு 31 பேரை எடுத்தது, எல்லோரும் பருத்த தீனிக்காரர்கள். இமிப்ரமின் அளவு சிறிது: 25 மில்லிகிராம், நாளுக்கு மூன்று வேளை, எட்டு வாரம். கூடவே எல்லோருக்கும் உணவு ஆலோசனையும் மனத்துணையும். எட்டு வார முடிவில் மருந்துப் பக்கம் சராசரி 2.2 கிலோ குறைந்தது, பிளசிபோ பக்கம் 0.2 கிலோ கூடியது. அப்புறம் மாத்திரையை நிறுத்திவிட்டு ஆலோசனையை மட்டும் ஆறு மாதம் தொடர்ந்தார்கள். 32 வாரத்தில் மருந்தெடுத்தவர்கள் 5.1 கிலோ இளைத்திருந்தார்கள், மற்றவர்கள் 2.2 கிலோ ஏறியிருந்தார்கள். ஸ்டான்போர்டில் நிறுத்தியதும் கவிழ்ந்தது, பேர்னில் கவிழவில்லை. இரண்டுக்கும் நடுவே என் கண்ணுக்குத் தெரிகிற வித்தியாசம், மாத்திரை போனபிறகும் பேர்னில் ஆலோசகர் போகவில்லை என்பதே. 31 பேரை வைத்து ஊருக்கெல்லாம் சட்டம் போட முடியாது, தெரியும். இருந்தாலும் நான் மூன்றாவது நட்சத்திரத்தைப் போட்டது இந்த ஆய்வைப் பார்த்துத்தான்.

இன்னும் உண்டு. 1994இல் அக்ராஸ் குழு உளவியல் சிகிச்சையோடும் எடைக்குறைப்போடும் டெசிப்ரமினைச் சேர்த்துப் பார்த்தது; தீனி அதனால் கூடுதலாகக் குறையவில்லை, எடையில்தான் கொஞ்சம் லாபம். 1991இல் நியூயார்க்கில் திமோத்தி வால்ஷ் புலிமியாக்காரர்களுக்கு டெசிப்ரமினை நீட்டித்துப் பார்த்தபோது, நன்றாகத் தேறியவர்களில் கணிசமானோர் மாத்திரை உள்ளே போய்க்கொண்டிருக்கும்போதே பழையபடி ஆனார்கள். அதன்பின் பெரிய ஆய்வு எதுவும் இந்த மாத்திரைக்குக் கிடைக்கவில்லை. 1987 கடைசியில் அமெரிக்காவில் ஃப்ளூவாக்ஸெட்டின் அனுமதி பெற்றது, அதைவிடப் பாதுகாப்பான மருந்து என்று உலகமே அந்தப் பக்கம் போயிற்று. காப்புரிமை முடிந்த, அட்டை விலை அற்பமான மாத்திரைக்கு யார் கோடிக்கணக்கில் செலவு செய்து ஆயிரம் பேரை வைத்து ஆராய்வார்கள்?

எப்படி வேலை செய்கிறது என்பதைச் சுருக்கமாக: மூளை நரம்புகள் வெளியிடும் செரோட்டோனின், நார் அட்ரினலின் இரண்டையும் நரம்பு திரும்ப உறிஞ்சாமல் இது தடுக்கிறது. பசியும் திருப்தியும் மனநிலையும் இந்த இரண்டோடும் சம்பந்தப்பட்டவை. அதோடு வேறு பல ஏற்பிகளிலும், அதாவது உடம்பின் ரசாயனங்கள் வந்து ஒட்டுகிற இடங்களிலும், போய் உட்கார்ந்துகொள்கிறது. வாய் வறட்சியும் மயக்கமும் அந்தக் கணக்கு.

குடும்பம் ஒன்று என்பதால் குணமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஒருமுறை இமிப்ரமின் இருப்பு இல்லாத ஒரு கடையில், “அமிட்ரிப்டிலின் இருக்குது சார், ரெண்டும் ஒண்ணுதான்” என்று நீட்டினார்கள். ஒன்றில்லை. அமிட்ரிப்டிலின் ஹிஸ்டமின் ஏற்பியைப் பலமாக அடைக்கும். தூக்கம் கூடும், பசி கூடும், எடை ஏறும். நரம்பு வலிக்கு அருமையான மருந்து, தீனிக்காரனுக்குப் போய்ப் பசியைக் கிளப்பும் மாத்திரையா? வேண்டாம் என்று சொல்லிவிட்டு நாலு கடை ஏறி இறங்கினேன். கிடைப்பதில் உள்ள இந்தச் சிரமத்துக்காக அரை நட்சத்திரம் கழித்திருக்கிறேன். இன்னொரு கடையில் சின்னப் பையன் சீட்டைப் பார்த்துவிட்டு, “பையனுக்கா சார், படுக்கையில மூத்திரம் போறதுக்கா?” என்றான். சிறு பிள்ளைகளின் அந்தத் தொல்லைக்கும் இதே மாத்திரை உண்டு என்று அப்போதுதான் எனக்குத் தெரியும். பின்னால் நின்றவர்கள் சிரித்தார்கள். கறுப்புக் கவரை அன்றைக்குத்தான் மதித்தேன்.

இனி நான் முழுதாக ஒரு நட்சத்திரத்தைப் பிடுங்கிய காரணம். இந்த மாத்திரை அளவு மீறினால் கொல்லும். இருதயத்துக்குள் மின்சாரம் ஓடும் வழியை அடைத்துவிடும். துடிப்பு தாறுமாறாகும், வலிப்பு வரும், சில மணி நேரத்தில் ஆள் போய்விடலாம். அவசரப் பிரிவில் நரம்பு வழியாக சோடியம் பைகார்பனேட் ஏற்றிக் காப்பாற்றப் பார்ப்பார்கள். சின்னக் குழந்தைக்கு நாலைந்து மாத்திரையே போதும் உயிருக்கு ஆபத்து. மனம் உடைந்தவர்களுக்குத் தரும் மருந்தே இப்படி இருப்பதுதான் இதன் பெரிய கோளாறு. எங்கள் வீட்டில் அட்டை என் கையில் இருக்காது. பீரோவில் பூட்டி, சாவி மனைவியிடம். டாக்டரும் ஆரம்பத்தில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எழுதித் தந்தார். இருபத்துநாலு வயது வரையுள்ள இளையவர்களுக்கு எந்த மனச்சோர்வு மருந்தும் தற்கொலை எண்ணத்தைத் தூண்டக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் 2007 முதல் எச்சரிக்கிறது. கல்லூரிப் பிள்ளைக்கு எழுதித் தந்தால், முதல் சில வாரம் வீட்டார் கூடவே இருக்க வேண்டும்.

எங்கள் டிரைவர் ஒருவர், ராத்திரி நெடுக டீயும் பன்னுமாகத் தின்றே உடம்பு வைத்தவர், என்னிடம் ஒரு அட்டை கேட்டார். கொடுக்கவில்லை. இதைப் போட்டுக்கொண்டு பத்து சக்கர வண்டியை ஓட்டினால் தூக்கம் சொக்கும். குடிக்கிற பழக்கம் இருந்தால் இன்னும் மோசம். டாக்டர் பெயரையும் பஸ் நம்பரையும் எழுதிக் கொடுத்தேன். இன்னும் போகவில்லை, நச்சரித்துக்கொண்டிருக்கிறேன்.

போட்டிப் பொருட்கள் என்னென்ன? எந்த நோய்க்கு என்ன வைத்தியம் என்று பரிந்துரைக்கும் இங்கிலாந்தின் நைஸ் அமைப்பு 2017இல் போட்ட வழிகாட்டுதல், இந்த நோய்க்கு மருந்தை மட்டும் தனியாகக் கொடுக்காதீர்கள் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. முதலில் ஒருவர் துணையோடு செய்யும் சுயஉதவிப் பயிற்சி. போதவில்லையென்றால் குழுவாகவோ தனியாகவோ சி.பி.டி. எனப்படும் உளவியல் சிகிச்சை. என் நோட்டும் இந்த வகைதான். நாமக்கல்லில் அதற்குப் பயிற்சி பெற்ற ஆள் கிடைப்பது அரிது. நான் சேலத்துக்கு அலைகிறேன். ஃப்ளூவாக்ஸெட்டினுக்கு அமெரிக்காவில் அனுமதி இருப்பது புலிமியாவுக்கு, 60 மி.கி. அளவில். பிஞ்ச் ஈட்டிங்குக்கென்றே 2015இல் அங்கே அனுமதி பெற்றது லிஸ்டெக்ஸாம்ஃபெட்டமின். கவனக்குறைவு நோய்க்குத் தரும் ஊக்க மருந்து அது. அடிமையாகும் ஆபத்து உண்டு. இமிப்ரமினுக்கு இந்த நோய்க்கென்று அப்படி ஓர் அனுமதி கிடையாது. டாக்டர் தன் அனுபவத்தையும் பழைய ஆய்வுகளையும் வைத்து எழுதித் தருவதுதான். அதை அவர் முன்கூட்டியே எனக்குச் சொன்னார்.

ஆக, யார் இதை எடுக்கலாம்? நோட்டும் பேச்சும் ஆரம்பித்தும் அடங்காதவர்கள், மனச்சோர்வும் கூட இருப்பவர்கள், ஃப்ளூவாக்ஸெட்டின் வகை ஒத்துக்கொள்ளாதவர்கள், ஈ.சி.ஜி. சுத்தமாக இருப்பவர்கள் டாக்டரிடம் இதைப் பற்றிக் கேட்கலாம். இருதயக் கோளாறு, கண் அழுத்தம், புராஸ்டேட் தொல்லை இருப்பவர்கள் பக்கத்திலேயே போக வேண்டாம். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருப்பவர்கள், அட்டையை வாங்குவதற்கு முன் அதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். எடுப்பவர்கள் திடீரென்று நிறுத்தவும் கூடாது. குமட்டல், தலைவலி, தூக்கமின்மை என்று இரண்டு மூன்று நாளில் உடம்பு புகார் கொடுக்கும்.

எனக்கு அளவைக் குறைக்கத் தொடங்கலாம் என்று போன முறை டாக்டர் சொன்னார். ஸ்டான்போர்டு நினைவுக்கு வந்து வயிற்றைக் கலக்கியது. ஆயுத பூஜை பொரி, தீபாவளிப் பலகாரம், போனஸ் கணக்கு எல்லாம் சேர்ந்து வருகிற சமயம், அது முடியட்டும் என்று கேட்டேன். சரி என்றார், ஆனால் உளவியலாளரிடம் போவதை மட்டும் மாத்திரை நின்ற பிறகும் நிறுத்தக் கூடாது என்று நிபந்தனை போட்டார். பேர்ன் கட்டுரையை அவரும் படித்திருப்பார் போல. முழுக்க நிறுத்தி ஆறு மாதம் ஆனதும் மதிப்பெண்ணை ஏற்றியோ இறக்கியோ இதே பக்கத்தில் திருத்திப் போடுகிறேன்.